எட்டாம் பாகம் வரை எழுந்திருக்கக் கூடாது

பாலகணேஷ் வேலையை விட்டுக் கிளம்பியது 2024 ஆகஸ்ட் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பனிமய மாதா திருவிழா முடிந்த மறுநாள். துறைமுகச் சாலையில் ஒரு கிளியரிங் ஆபீஸில் ஏழு வருடம் கன்டெய்னர் தாள்களைச் சரிபார்த்தவன், அன்று காலை மேனேஜர் மேசையில் ராஜினாமாக் கடிதத்தை வைத்துவிட்டு, "இனிமே என் வாழ்க்கை ஏழைகளுக்குத்தான் சார்" என்றான். வாசல் வரை வந்தவன் திரும்ப உள்ளே போனான். அதே கடிதத்தை எடுத்தான், மறுபடி வைத்தான், மறுபடி சொன்னான். முதல் தடவை, படம் பிடிக்கச் சாய்த்து வைத்திருந்த போன் சரிந்து மேனேஜரின் காப்பி டம்ளரை மட்டும்தான் பிடித்திருந்தது.

இப்படித்தான், வாசகர்களே, எட்டாம் வள்ளல் பிறக்கிறார்.

கடையெழு வள்ளல்களைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பாரி தேரை முல்லைக்குக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனான். எட்டாமவர் அப்படிப் போகமாட்டார். "இன்னொரு தடவை வாங்குங்கக்கா, கை மறைக்குது" என்பார். அரிசிப் பையின் ஒரு முனை அவர் கையிலும் மறுமுனை வாங்குகிறவர் கையிலும் இருக்க, இருவரும் போனைப் பார்த்து நிற்பார்கள்; போன் திருப்தியடைந்த பிறகுதான் பை கைமாறும். ஏழையின் வீட்டுக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் அடுப்பைப் பார்ப்பார்கள், இவர் கூரையைப் பார்ப்பார். ஓட்டை இருந்தால் முகம் மலரும். வெளிச்சம் நன்றாக விழும் அல்லவா? நம்மோடு பேசும்போது "என்னண்ணே, சாப்டாச்சா" என்று ஊர்த்தமிழில் பேசுபவர், கேமரா ஓடத் தொடங்கியதும் "உறவுகளே" என்று நனைந்த குரலில் ஒரு தமிழ் பேசுவார். அந்தத் தமிழை எந்த ஊரிலும் யாரும் பேசுவதில்லை.

2023 டிசம்பரில் வெள்ளம் வந்து வடிந்தபோது தூத்துக்குடியில் இரண்டு பெருகின. ஒன்று கொசு, இன்னொன்று சேவைச் சேனல். கொசுவுக்கு மருந்தடித்தார்கள்.

ஆனால் நியாயத்தையும் சொல்லவேண்டும். அந்த வெள்ளத்தில் பாலகணேஷ் உண்மையாகவே கழுத்தளவு தண்ணீரில் ரொட்டி சுமந்தான். அப்போது அவன் கையில் போன் இல்லை. யாரோ மாடியிலிருந்து அவனைப் படம் பிடித்துப் போட, ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த ஒன்பது லட்சம் பேர்தான் அவனைக் கெடுத்தவர்கள்.

இன்னொரு நியாயம்: அவன் நன்கொடையில் ஒரு பைசா தொடமாட்டான். வருகிற பணம் நேராக உரியவர் கணக்குக்குப் போய்விடும். நீங்கள் பார்க்கும் நேரத்தில்தான் அவனுக்குச் சம்பளம். நீங்கள் அழுதுகொண்டே ஐந்து நிமிடம் பார்த்தால் நடுவில் மூன்று விளம்பரம் ஓடும். நீங்கள் அழாமல் நகர்ந்துவிட்டால்? அவன் அழவேண்டியதுதான்.

இந்த நிலையில்தான் அவனுக்கு டிக்சன் கிடைத்தான்.

டிக்சன் சங்கு குளிப்பவன். 2025 ஜனவரியில் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே ஏறியதில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிற்று. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடி நடக்கவேண்டுமென்றால் மதுரையில் வைத்தியம் பார்க்கவேண்டும், பிறகு காலுக்குப் பயிற்சி கொடுக்கவேண்டும், எல்லாமாக மூன்று லட்சம் ஆகும் என்றார்கள். மனைவி ஜெஸ்மி நகையை விற்றதில் பாதி தேறியது. மீதிக்குத்தான் பாலகணேஷ் வந்தான்.

வந்தவன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். முகம் வாடியது. தரையில் டைல்ஸ், மூலையில் ஃபிரிட்ஜ், சுவரில் சீரியல் லைட் போட்ட மாதா.

"அக்கா, இந்த ஃபிரிட்ஜைக் கொஞ்சம் மறைக்கலாமா?"

"ஏன், அது என்ன பாவம் செஞ்சுது?"

"அது இருந்தா கஷ்டம் தெரியாதுக்கா."

"மூணு தவணை கெட்டணும் தம்பி. கஷ்டமே அதுலதான் இருக்கு."

"பின்னால ஒரு ஓலைக் கொட்டகை இருக்கே, அண்ணனை அங்கன மாத்திப் படுக்க வைப்பமா?"

"அது ஒழுகும்லா?"

"ஒழுகணும்க்கா" என்றான் பாலகணேஷ், பரவசத்தோடு.

கொட்டகைக்கு மாற்றினார்கள். டிக்சன் ஒத்துழைத்தான், ஆனால் சிரித்தான். கட்டிலைத் தூக்கும்போதே, "மெதுவா தூக்குங்கலே, சப்பரம் சாயுது" என்றான். அழச் சொன்னால் ஜெஸ்மிக்கும் சிரிப்பு வந்தது. நான்காம் தடவையில் பாலகணேஷுக்கே அழுகை வந்துவிட்டது. அதை அப்படியே வைத்துக்கொண்டான். தலைப்புப் படத்தில் அவன் கண்ணீரைச் சுட்டி ஒரு சிவப்பு அம்புக்குறி.

நான்கே நாளில் பணம் சேர்ந்தது. துபாயிலிருந்து வந்தது, ஈரோட்டிலிருந்து வந்தது, பெயர் தெரியாத யாரோ பதினோரு ரூபாய் அனுப்பினார். டிக்சன் மதுரைக்குப் போனான். இங்கே கதை முடிந்திருக்கவேண்டும். சாதாரண மனிதனுக்கு முடிந்திருக்கும். எட்டாம் வள்ளலுக்கு அது முதல் பாகம்.

இரண்டாம் பாகம் ஆஸ்பத்திரி வராந்தா. மூன்றாம் பாகம் மாத்திரைகள். நான்காம் பாகத்தில் ஒன்றும் நடக்கவில்லை, அதையே இசை போட்டு ஒன்பது நிமிடம் காட்டினான். எட்டாம் பாகத்தில் மெத்தைக்கடை ராஜதுரை அண்ணாச்சி தம் கையால் சக்கர நாற்காலி வழங்குவதாக ஏற்பாடு. மண்டபம் பேசி, பேனர் அடித்து, தேதியும் குறித்தாயிற்று: மே பதினான்கு.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை, பாலகணேஷ் வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம். திறந்தான். கையில் ஒரு பெரிய விளமீனோடு டிக்சன் நின்றுகொண்டிருந்தான்.

நின்றுகொண்டிருந்தான்!

"தம்பி, பஸ்ஸ்டாப்புலருந்து நடந்தே வாரேன். உங்ககிட்டதான் மொதல்ல காட்டணும்னு..." டிக்சன் மீனை நீட்டினான்.

பாலகணேஷ் தெருவின் இருபக்கமும் பார்த்தான். "அண்ணே, யாராவது பாத்தாங்களா?"

ஐந்து நிமிடத்தில் ஒரு ஆட்டோ வந்தது. டிக்சனைப் பின்சீட்டில் படுக்கவைத்து, மேலே பெட்ஷீட் போர்த்தி வீட்டுக்கு அனுப்பினான். மீனும் பெட்ஷீட்டுக்குள்ளேயே போயிற்று. பதற்றத்தில் அதை வாங்கிக்கொள்ளக்கூட மறந்துவிட்டான். பின்னாலேயே பைக்கில் போய்க் கட்டிலருகே உட்கார்ந்து கெஞ்சினான்.

"பதினஞ்சே நாள்ணே. நாற்காலியை வாங்கிட்டு நீங்க ஒலிம்பிக்குக்குக்கூட போங்க."

ஜெஸ்மி பொரிந்தாள். "ஏலே, மனுசன் எந்திரிச்சு நடக்கதுக்கு நாள் பாக்க இது என்ன கல்யாணமா?"

"விடுளா" என்றான் டிக்சன். "கால் தந்த தம்பி கேக்காரு." பிறகு பாலகணேஷைப் பார்த்தான். "ஆனா தம்பி, பதினாலாம் தேதி மத்தியானம் எனக்குத் தோணி."

இனிமேல் கடலுக்குள் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் சமையல் வேலை தருவதாகத் தோணியை நடத்தும் தண்டல் சொல்லியிருந்தார். சீசனின் கடைசித் தோணி. அதை விட்டால் காற்றுக்காலம், செப்டம்பர் வரை எந்தத் தோணியும் கிளம்பாது, நாலு மாதம் வீட்டில் உலை கொதிக்காது.

"செப்டம்பர்ல போனா என்னண்ணே? பண்டிகைக்கு முந்தி வியூஸ் நல்லா வரும்" என்றான் பாலகணேஷ். ஜெஸ்மி மீன் வெட்டும் அருவாளை எடுத்தாள். மீன் வெட்டத்தான். ஆனாலும் அவன் உடனே ஒத்துக்கொண்டான். "ஒன்பதுக்கு விழா. ஒன்பதரைக்கு முடிஞ்சிரும். நீங்க தோணியைப் பிடிச்சிரலாம்."

ஒன்பதரைக்கு முடிந்த விழாவை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

பீச் ரோட்டு மண்டபத்தில் பத்தேகாலுக்குக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். வரவேற்புரை பேசியவரை வரவேற்று ஒருவர் பேசினார். அண்ணாச்சிக்கு ஏழு சால்வை. பதினொன்றரைக்கு அண்ணாச்சி, தம் தகப்பனார் கையில் ஒரே ஒரு கருப்பட்டிக் கொட்டானோடு இந்த ஊருக்கு வந்து இறங்கிய கதையைத் தொடங்கினார். மேடையில் புது நாற்காலியில் கால் மரத்தவனாக உட்கார்ந்திருந்த டிக்சனுக்கு இப்போது உண்மையாகவே கால் மரத்தது. முன்வரிசையில் ஜெஸ்மி அவனுடைய பெரிய பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாலேயே மணியைக் காட்டினாள். பாலகணேஷின் போனில் நேரலை ஓடியது. நாற்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிக்சன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தான். தண்டலின் குரல் பக்கத்தில் இருந்த மேடை மைக் வழியாக மண்டபம் முழுக்கக் கேட்டது.

"எங்கடே இருக்க? கயித்த அவுக்கப் போறோம்!"

டிக்சன் எழுந்தான். அண்ணாச்சியைக் கும்பிட்டான். "மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி, தோணி போயிரும்." நாற்காலியைத் தானே தூக்கிக் கீழே இறக்கினான், ஜெஸ்மியின் மடியிலிருந்த பையை அதில் வைத்தான், தள்ளிக்கொண்டு ஓடினான். ஜெஸ்மி கூடவே ஓடினாள். வெயில் கொதிக்கும் பீச் ரோட்டில், பழைய துறைமுகத்தைப் பார்த்து, தன் சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு ஓடினான் அந்த நடக்கமுடியாத மனிதன்.

பாலகணேஷ் தொலைந்தான். மானம், சேனல், வாழ்க்கை எல்லாம் போயிற்று. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

பின்வரிசையில் ஒரு அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதாவே! புதுமை! அற்புதம்!"

மண்டபமே எழுந்து நின்றது. அண்ணாச்சி மெதுவாகத் தம் கடை மேனேஜர் பக்கம் சாய்ந்தார். "ஏலே, இது நம்ம கடை நாற்காலிதான? அந்தக் கம்பெனிக்கு இன்னும் அம்பது சொல்லு."

பாலகணேஷ் ஒரு கண்ணைத் திறந்து போனைப் பார்த்தான். நேரலையில் இரண்டு லட்சம் பேர். மறு கண்ணையும் திறந்தான். "உறவுகளே..." என்றான்.

தோணி கிடைத்தது. நாற்காலியும் மாலத்தீவுக்குப் போயிற்று. அதில்தான் இப்போது தண்ணீர்க் கேன் தள்ளுகிறார்களாம். அந்த விழா வீடியோவை முப்பத்தொரு லட்சம் பேர் பார்த்தார்கள். ஆனால் அதைப் பகிர்ந்தவர்கள் குறைவு. டிக்சன் ஓலைக் கொட்டகையில் கிடக்கும் முதல் பாகம்தான் கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டே இருந்தது. எழுந்து நடப்பவனைப் பகிர்ந்தால் நமக்கு என்ன புண்ணியம்?

பதினோரு மாதம் கழித்து, பாலகணேஷ் பதினேழாம் பாகத்துக்கு வேறொரு கூரை தேடிக்கொண்டிருந்தபோது, அவன் போனுக்கே அந்த முதல் பாகம் வந்து சேர்ந்தது. மேலே 'பல முறை பகிரப்பட்டது' என்று இருந்தது. அந்தப் பல முறையில் ஒரு முறை, காலையில் பல் தேய்த்துக்கொண்டே, பாதி பார்த்துவிட்டு, கைகூப்பும் பொம்மை ஒன்றைச் சேர்த்து, சொந்தக்காரர் குரூப்புக்குத் தள்ளிவிட்டு, அன்று முழுக்க நெஞ்சு லேசாக இருந்த அந்த ஒரு முறை, உங்களுடையது இல்லைதானே? கட்டைவிரலைக் கொஞ்சம் காட்டுங்கள், பார்ப்போம்.

வீடியோவின் கீழே, அதை அனுப்பிய டிக்சன் எழுதியிருந்தான்:

"தம்பி, இது இங்கன மாலத்தீவுல பக்கத்துத் தோணிக்காரங்க குரூப்புல வந்துச்சு. இன்னும் எந்திரிக்கலியாம். எல்லாரும் துட்டுப் பிரிச்சு, என்கிட்டயும் கேட்டாக. நான்தான்லேனு சொல்லிப் பாத்தேன், ஒருத்தனும் நம்பல. நானும் நூறு ரூவா போட்டுட்டேன். என்ன செய்ய, பாக்கப் பாவமா இருக்கு."