தொண்ணூறடித் தண்ணீர்

இன்னும் கிட்ட வந்து உக்காருங்க மக்கா. வெயிலைக் கொண்டு தண்ணி இறைக்கப் போன ஒரு வெள்ளாமைக்காரச் சம்சாரி பட்ட பாட்டைச் சொல்லுதேன். சிரிப்பு வந்தா அடக்கிக்கிடுங்க. அவருக்கு அது பிழைப்பு.

எண்பத்தாறாம் வருசம். சங்கரன்கோவிலுக்கு மேற்கே காசிராஜன் வைத்த இருநூறு எலுமிச்சைக் கன்றுகள் வாடி நின்றன. கரண்டுக்கு எழுதிப்போட்டு ஆறு வருசம். போர்க்கிணறு இருந்தது, அதில் தண்ணீரும் இருந்தது, மேலே ஏறத்தான் வழியில்லை. அப்போதுதான் வெயிலில் ஓடும் நீர்மூழ்கி மோட்டாரை அரசாங்கம் சோதனைக்குச் சும்மா கொடுக்கிறதென்று கேள்விப்பட்டார். தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறதென்று பாரத்தில் எழுத வேண்டும். ஆழத்துக்குத் தக்கபடி சோலார் தகடு.

கயிற்றில் கல் கட்டி அளந்தார். தொண்ணூறடி. பாரத்தில் நூற்றியெண்பது என்று எழுதினார்.

"எதுக்கு இரட்டிப்பா எழுதுதிய?" என்றாள் மனைவி முருகம்மாள்.

"ஆபீஸ்ல எதைக் கேட்டாலும் பாதிதான் தருவான். உரத்துக்கும் அப்படித்தான், சிமிண்டுக்கும் அப்படித்தான்."

நாலு மாசம் பதிலில்லை. நாற்பது கன்று கருகிவிட்டது. ரொம்ப ஆழமான போரையெல்லாம் கழித்துவிட்டார்களாம் என்று புளியங்குடி மார்க்கெட்டில் யாரோ சொல்ல, காசிராஜன் அங்கிருந்தே அந்த மோட்டார் கொடுக்கும் ஆபீஸ் எஞ்சினியரிடம் ஓடினார். அளந்தது பிசகு, நாற்பத்தஞ்சடிதான் என்றார். எஞ்சினியர் பாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நெசமாவா?"

"என் எலுமிச்சை மேல சத்தியம் சார்."

பத்தே நாளில் ஆறு தகடும் ஒரு சின்ன மோட்டாரும் வந்திறங்கின. உச்சி வெயிலில் சுவிட்சைப் போட்டார்கள். மோட்டார் முனகியது. குழாயில் காதை வைத்தால் பாதி வழியில் தண்ணீர் குமுறுவது கேட்டது. வெளியே ஒரு சொட்டு இல்லை.

வெயில் போதவில்லையோ என்று, வீட்டிலிருந்த எவர்சில்வர் தட்டு அத்தனையையும் தகடுகளைச் சுற்றிச் சாய்த்து வைத்தார். ஒரு வாரம் முருகம்மாள் இலையில் சோறு போட்டாள். பிறகு, தகடு பழுது என்று கார்டு போட்டார். நேரில் வந்து அளக்கிறேன் என்று எஞ்சினியர் பதில் எழுதினார். பொய் தெரிந்தால் இருப்பதையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்களே. கண்மாயிலிருந்து பன்னிரண்டு பீப்பாய் தண்ணீரை வண்டியில் கொண்டுவந்து, மட்டம் ஏறட்டுமென்று போருக்குள் ஊற்றினார்.

"செடிக்கு ஊத்தியிருந்தா அதாவது குடிச்சிருக்கும்," என்றாள் முருகம்மாள்.

எஞ்சினியர் வந்தார். தானே கயிற்றை இறக்கினார். தொண்ணூறு.

காசிராஜன் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "பாதிதான் தருவியன்னு கூட்டி எழுதினேன். தரவே மாட்டியன்னு குறைச்சுச் சொன்னேன். நெசத்தை மட்டுந்தான் சொல்லலை, சார்."

எஞ்சினியர் கருகிய கன்றுகளைப் பார்க்க நடந்தார். ஜீப் டிரைவர் சங்கரபாண்டி மெல்லக் கிட்டே வந்தார்.

"எங்க சாருக்குச் சொந்த ஊர் இளையரசனேந்தல் அண்ணாச்சி, அவுக அப்பாவும் இரட்டிச்சு எழுதுற சம்சாரிதான். நீங்க நூத்தியெண்பதுன்னு எழுதினதுமே, இது தொண்ணூறுதான்னு சொல்லிப் பன்னெண்டு தகடும் பெரிய மோட்டாரும் வரவழைச்சாரு. நீங்க வந்து சத்தியம் பண்ண அன்னைக்குத்தான் உங்களுக்குன்னு ஏத்தின லாரியில இருந்து அதை இறக்கி வெச்சோம்."

உங்க வீட்டு அடுப்பும் பானையும் நெறைஞ்சிருக்கட்டும் மக்கா. கேட்டதெல்லாம் கேட்ட அளவுலயே கிடைச்சு, நல்லா இருங்க.