நண்டுக்கு நீதி கேட்டுப் போனேன்

இனிமேல் பொறுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். என் வீட்டில் நண்டுக்கு நீதி கிடைத்தே ஆகவேண்டும்.

விசயம் என் முழங்கையில்தான் தொடங்கியது. முதலில் இரண்டு ரூபாய் நாணயக் குத்தியளவு சிவப்பு. அதன்மேல் வெள்ளையாய்ச் செதில். பிறகு முழங்கால், முதுகு, தலை. கறுப்புச் சேட்டுப் போட்டால் தோளில் துருவிய தேங்காய்ப்பூ கொட்டினமாதிரி இருக்கும். குருநகரில் மீனுக்குச் செதில் இருக்கலாம். மீன் பிடிக்கிறவனுக்கு இருக்கலாமோ?

தேவாலயத்தில் பூசைக்குப் போனால் நான் இருக்கிற வாங்கில் இரண்டு பக்கமும் ஆளில்லை. விரும்பினால் நீட்டி நிமிர்ந்து படுத்தே பிரசங்கம் கேட்கலாம். என்னோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்கு வருகிற கொலின்ஸ்கூட எனக்குத் தேத்தண்ணியைத் தனிக் கோப்பையில் ஊற்றத் தொடங்கிவிட்டான்.

"உது வெறும் படை மச்சான். பாமசியிலை ஒரு கிறீம் இருக்கு" என்று சொன்னதும் அவன்தான். பூசினேன். மாயமாய் மறைந்தது. நிறுத்தினேன். போனது தன் சொந்தக்காரர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

என் மனைவி ஜெசிதாவுக்கு ஒரு வருடமாய் ஒரே பாட்டு.

"இஞ்சேருங்கோ, தோல் கிளினிக்குக்குப் போவமே?"

மாட்டேன் என்றேன். ஊர்ச்சனம் பார்க்கச் சேட்டைக் கழற்றிவிட்டு நிற்பதைவிடக் கடலில் குதிக்கலாம்.

திடீரென்று ஒரு நாள் அவள் பாட்டை மாற்றினாள்.

"உது கிரந்தியப்பா."

எங்கள் பக்கத்தில் தோலில் எது வந்தாலும் கிரந்திதான். அதற்குக் காரணம் எப்போதும் வாய்க்கு ருசியான ஏதோ ஒரு சாப்பாடுதான். பாவற்காயால் கிரந்தி வந்ததாக இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

"இண்டையிலையிருந்து பத்தியம். இறால், கணவாய், நண்டு ஒண்டும் இல்லை."

"நண்டுமோ?"

"நண்டுதான் முதல்."

"ஜெசிதா, நான் நண்டு பிடிக்கிறவன்!"

"பிடியுங்கோ. ஆர் வேண்டாமெண்டது? சாப்பிடாதையுங்கோ."

விடிய வலையில் நண்டு. மத்தியானம் என் சோற்றுக் கோப்பையில் புடலங்காய்ப் பால்கறி. அதுகூடப் பரவாயில்லை. "எங்களுக்குச் செதில் இல்லைத்தானே" என்று தனக்கும் மகளுக்கும் நண்டுக் குழம்பு வைத்தாள். அந்த வாசம் வந்து என் புடலங்காயைச் சுற்றிச் சுற்றி நடக்கும். மகள் என்னைப் பார்த்து, "அப்பா பாவம்" என்பாள். சொல்லிக்கொண்டே இன்னொரு நண்டுக்காலைக் கடிப்பாள்.

ஏழு நாள், ஒரு கிழமைகூட ஆகவில்லை. உடைந்துபோனேன். நண்டு குற்றவாளி இல்லை என்று படித்த ஒரு வாய் சொல்லவேண்டும். அதை இவள் காதால் கேட்கவேண்டும்.

"வெளிக்கிடு, கிளினிக்குக்கு!"

"இப்பவோ? எனக்கு வேலை கிடக்கு."

"வெளிக்கிடெண்டுறன்!"

அவள் ஏற்கெனவே தலை சீவிச் சேலை கட்டி நின்றது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

கிளினிக்கில் என்னை ஒருவரும் உற்றுப் பார்க்கவில்லை. வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் சொறிய அவரவர் சொந்தமாய் ஏதோ இருந்தது. டொக்டர் ஒரு இளம் பெண்பிள்ளை. என் முதுகை நன்றாகப் பார்த்தார்.

"இது சொரியாசிஸ். தொத்தாது. ஒரே கோப்பையிலை குடிக்கலாம், ஒரே பாயிலை படுக்கலாம். உடம்பின்ரை காவல்காரர் கள்ளன் இல்லாத இடத்திலை சண்டை பிடிக்கினம். அதாலை தோல் அவசரப்பட்டு வளருது. ஒரு மாத வேலையை நாலைஞ்சு நாளிலை முடிக்குது."

"இவரிலை அது ஒண்டாவது சுறுசுறுப்பாய் வேலை செய்யுதே, டொக்டர்" என்றாள் ஜெசிதா.

"முழுசா மாறாது, ஆனால் அடக்கி வைக்கலாம். மருந்தை மெல்லிசாப் பூசுங்கோ. நினைச்சவுடனை நிப்பாட்டக் கூடாது. குளிச்ச ஈரம் காயிறதுக்கு முந்தித் தோலை மெதுவாக்கிற கிறீமையும் பூசுங்கோ. சொறியாதையுங்கோ."

முழுசா மாறாது. நெஞ்சுக்குள் நங்கூரம் விழுந்தமாதிரி இருந்தது. ஆனாலும் வந்த காரியம் ஒன்று இருக்கிறதே.

"டொக்டர், நண்டு?"

"நண்டுக்கென்ன?"

"கிரந்தியோ?"

"சாப்பிட்டால் உடம்பு தடிக்கிறதோ, வீங்கிறதோ?"

"மாதாவாணை இல்லை!"

"அப்பச் சாப்பிடுங்கோ."

நான் ஜெசிதாவைப் பார்த்தேன். வெற்றி! அந்த நேரம் பார்த்து டொக்டர் கேட்டார்.

"குடிக்கிறனீங்களோ?"

"பெருநாளுக்கு மட்டும்."

"இவருக்கு ஒவ்வொரு ஞாயிறும் பெருநாள்தான், டொக்டர்."

"உடனை நிப்பாட்டுங்கோ. இதைக் கிளப்பி விடுறதிலை அதுவும் ஒண்டு. பிறகு மருந்தும் ஒழுங்காய்க் கேக்காது."

வாசலுக்கு வந்ததும் வெடித்தேன்.

"கேட்டியோ? கிரந்தியெண்டு சொல்லி என்னைப் பட்டினி போட்டியே!"

"நான் எங்கையப்பா உதை நம்பினன்? ஒரு வருசம் கெஞ்சியும் வராத மனிசன், நண்டை மறிச்ச கிழமையே என்னைக் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்திட்டீங்கள்."

அவள் முன்னமே சேலை கட்டி நின்றது இப்போதுதான் மண்டையில் ஏறியது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையை விடமுடியாது. கடைசி வலையை வீசினேன்.

"சரி, ஆனால் உந்த டொக்டர் சின்னப்பிள்ளை. சாராயத்தைப் பற்றி அவவுக்கு என்ன தெரியும்?"

"ஓமப்பா, எனக்கும் அவவிலை நம்பிக்கை வரேல்லை."

எனக்கு உயிர் வந்தது. அவள் அதோடு விடவில்லை.

"அப்ப நண்டைப் பற்றிச் சொன்னதும் பிழையாய்த்தான் இருக்கும். வாங்கோ, போற வழியிலை புடலங்காய் வாங்குவம்."

டொக்டர் சொன்னதெல்லாம் சரி என்று அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டேன். அன்று மத்தியானம் நண்டுக் குழம்பு தேவாமிர்தம். தொட்டுக்கொண்டு குடிக்க அவள் வைத்தது ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீர்.