பல்செட்டுக்காரரின் கார்டு பெட்டி

காலை ஆறு மணி பத்து நிமிடம். பால் பாக்கெட் எடுக்க மாடியிலிருந்து இறங்கினேன். கீழ்வீட்டு ஜன்னல் திட்டில் மூன்று ஜோடிப் பற்கள் ஒரு ரயில் பெட்டியைக் கவ்விக்கொண்டிருந்தன.

பற்கள் பிளாஸ்டரில் வார்த்த அச்சுகள். பெட்டி ஒரு சாணுக்குச் சற்று அதிகம். பசை காயும்வரை கூரையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்க இதைவிட நல்ல கிடுக்கி கிடையாது என்றார் கீழ்வீட்டுக்காரர்.

"மூணும் நல்ல கடிங்க. நடுவுல இருக்கறது ரிடையர்டு தாசில்தாருது. புடிச்சா உடமாட்டாருங்க."

கோயம்புத்தூரில் பாதிப் பேர் இவர் கட்டிய பல்லில்தான் சிரிக்கிறார்கள் என்பது கணபதிப் பகுதியில் எங்கள் தெருவின் நம்பிக்கை. எனக்கு அதில் சந்தேகம் உண்டு. ஆனால் அவருடைய பெயர் தெருவில் ஒருவருக்கும் தெரியாது என்பது உறுதி. கூரியர்கூட பல்செட்டுக்காரர் என்று விசாரித்துத்தான் வரும்.

அப்படி வந்ததுதான் அந்தப் பொம்மை ரயில் கிட். வெளிநாட்டிலிருக்கும் மருமகன் அனுப்பியது. படத்தில் உள்ளபடி ஒட்டினால் ஐரோப்பியச் சாப்பாட்டுப் பெட்டி கிடைக்கும்: அகலக் கண்ணாடி ஜன்னல், உள்ளே மேஜை, மேஜைமேல் குட்டி விளக்கு. இவர் விளக்கையெல்லாம் பிய்த்து ஒரு டப்பாவில் போட்டார். நம் ஊர் பாசஞ்சர் வண்டியின் கடைசியில் வருமே, பாதி ஜனமும் பாதி சாமானும் ஏறும் நீலப் பெட்டி, கார்டு கொடியோடு நிற்பது, அதைத்தான் செய்யப்போவதாகச் சொன்னார்.

"செஞ்ச பெட்டியே கடையில கிடைக்குமே?" என்றேன்.

"கடையில வாங்கிக் குடுத்தா அவன் மூஞ்சியிலயே எறிஞ்சுபோடுவானுங்க."

அவன் என்பது ஈரோட்டில் இருக்கும் ரிடையர்டு ரயில் கார்டு. இருவரும் பெருந்துறையில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். கார்டு வேலையில் இருந்தபோதே அவருக்கு மேல்செட்டு கட்டியது இவர்தான். மற்றவர்களுக்கு மூன்று முறை அளவெடுத்து, மெழுகில் போட்டுப் பார்த்து, பிறகே செட்டு வார்ப்பார். சிநேகிதனுக்கு ஒரே முறை. "நம்ம பயதானேன்னு உட்டுட்டேனுங்க."

பணி ஓய்வு நாளன்று ஈரோட்டில் கழுத்து நிறைய மாலையோடு கார்டு தன் கடைசி வண்டிக்குப் பச்சைக்கொடி காட்டினார். விசிலை ஊதினார். மேல்செட்டு விசிலைத் தாண்டிப் போய்த் தண்டவாளத்தில் விழுந்தது. ஒருவர் இறங்கி அதை எடுத்துக்கொண்டு மேலே ஏறும்வரை வண்டி நின்றது. நான்கு நிமிடம். முப்பத்தைந்து வருடத்தில் அவரால் தாமதமான ஒரே வண்டி அதுதான். ஊர் சிரித்ததைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். அந்த நான்கு நிமிடத்தைப் பொறுக்கவில்லை. மூன்று வருடமாகப் போனை எடுப்பதில்லை.

எனவே இந்தப் பெட்டியில் ஒவ்வொன்றும் மூன்று முறை அளக்கப்பட்டது. சாப்பாட்டுப் பெட்டியின் ஜன்னல்களைச் செயற்கை ஈறு செய்யும் பொடியைக் குழைத்து அடைத்தார். பெயின்ட் அடிக்கும்வரை பெட்டி ஈறு தெரியச் சிரிப்பதுபோல் இருந்தது. ஜன்னல் கம்பிகளாக மாறியது பல்லுக்குக் கிளிப் மாட்டும் கம்பி. ஐரோப்பியத் தண்டவாளம் நம்முடையதைவிடக் குறுகல் என்று சக்கரங்களை மூன்று மில்லிமீட்டர் தள்ளி வைத்தார்.

"மூணு மில்லிமீட்டர் யாருக்குங்க தெரியும்?"

"தெரியுமுங்க. முப்பத்தஞ்சு வருசம் அது மேல நின்னவன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் காரில் கிளம்பினோம். பெட்டி அவர் மடியில். அவிநாசி தாண்டும்வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் என்னை முன்கூட்டியே எச்சரித்தார். ஈரோட்டில் கதவைத் திறந்த கார்டின் மனைவி முதலில் சொன்னது இது:

"வாங்க. மூணு வருசமா ரசஞ்சோத்தக் கரைச்சுக் குடிச்சிட்டு உக்காந்திருக்காருங்க. வேற எடத்துல செட்டு கட்டிக்கங்கன்னா, அதுக்கும் மாட்டீங்கறாரு."

கார்டு எழுந்திருக்கவில்லை. பெட்டியை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அடிப்பாகத்திலிருந்து பார்க்கத் தொடங்கினார். கால் மணி நேரம். பிறகு என்னிடம் பேசினார்.

"தம்பி, கடைசிப் பெட்டின்னு பின்னாடி ஒரு பலகை மாட்டோணும். அது இல்லீன்னா வண்டி முழுசா வந்துச்சா, பாதி வழியில அந்துபோச்சான்னு ஸ்டேஷன்ல எப்படித் தெரியும்னு அவனக் கேளுங்க."

அந்த 'அவன்' எனக்கு அரை அடி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"மாட்டிப்போடறேன்னு சொல்லுங்க," என்றார் என்னிடம்.

"பயணிங்க நாய ஏத்தற கூண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லீங்க. நாயி குதிச்சா யாரு பொறுப்பாம்?"

"வெச்சிரலாமுங்க."

"சக்கரத்து அகலம்..." என்று கார்டு ஆரம்பித்தார். பல்செட்டுக்காரர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "...சரியா இருக்குது," என்று முடித்தார் கார்டு. பிறகு ஒரு நோட்டைப் பிரித்து, கோடு போட்டு, பதினொரு குறைகளை எண் போட்டு எழுதினார். தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார். "இதயெல்லாம் சரிபண்ணி வர ஞாயித்துக்கெழம கொண்டாரச் சொல்லுங்க. பத்து மணிக்கு. நாலு நிமிசம் லேட்டானாலும் கதவத் தொறக்க மாட்டேன்."

திரும்பும் வழியில் பல்செட்டுக்காரர் பட்டியலை மூன்று முறை படித்தார். பிறகு, "அந்த நாய் விசயம் நாயந்தானுங்க," என்றார்.

அடுத்த ஞாயிறு பதினொன்றும் சரிசெய்யப்பட்டிருந்தன. பன்னிரண்டிலிருந்து எண் போட்டுப் புதிதாக நான்கு எழுதப்பட்டன. அதற்கடுத்த வாரம் மூன்று. கார்டு அறைக்குள் கைபிரேக் சக்கரம், நெருப்பணைக்கும் வாளி, உட்காரும் பலகையின் சாய்வு. நான் நான்கு வாரம் கார் ஓட்டினேன். அதன்பின் பல்செட்டுக்காரர் பெட்டியை அட்டை டப்பாவில் வைத்து, பாசஞ்சர் வண்டியில், கார்டு பெட்டியிலேயே ஏறிப் போய்வருகிறார். இப்போதும் பேச்சு மூன்றாம் மனிதர் வழியாகத்தான். அந்த வேலை கார்டின் மனைவிக்கு வந்திருக்கிறது.

போன ஞாயிறு சாயங்காலம் பல்செட்டுக்காரரைப் படியில் பார்த்தபோது பட்டியலைக் காட்டினார். ஒரே ஒரு குறைதான். எண் முப்பத்தாறு: பெயின்ட் இன்னும் காயவில்லை, அடுத்த வாரம் கொண்டுவரவும்.

பெயின்ட் அடித்து ஐந்து மாதம் ஆகிறது.