ஹாரன் அடிக்காத வெள்ளைச்சாமியின் மகன்

அன்னவாசலுக்கு இந்தப் பக்கம், ரோட்டின் நட்டநடுவே ஓர் எருமை படுத்திருந்தது. பஸ் நின்று பத்து நிமிஷம் ஆகிவிட்டது.

"அண்ணே, ஒரே ஒரு தடவை ஹாரனை அமுக்குங்கண்ணே. எந்திரிச்சுப் போயிரும்" என்றான் கண்டக்டர் செபமாலை.

"அதுவா எந்திரிக்கும்" என்றான் டிரைவர் ரெங்கராஜ்.

"எப்பண்ணே?"

"அது இஷ்டம்."

"விராலிமலையில ஒன்பது மணிக்கு முகூர்த்தம்யா! நான் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்!" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் கத்தினார்.

ரெங்கராஜுக்குக் காது கேட்காமல் இல்லை. ஆனால் அவன் வெள்ளைச்சாமியின் மகன்.

வெள்ளைச்சாமி இதே புதுக்கோட்டை – விராலிமலை ரோட்டில் பதினேழு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு தடவைகூட ஹாரன் அடித்ததில்லை. மகன் திருச்சியில் மாமா வீட்டில் வளர்ந்து, அங்கேயே லாரி ஓட்டப் பழகியவன். அப்பாவின் பெருமை அவனுக்குத் தெரிந்ததே அவர் செத்த அன்றைக்குத்தான். ஐம்பத்தேழாம் வருஷத்து ஐப்பசி மழையில், வாடகை வீட்டு வாசலில் பாடையைச் சுற்றி நின்ற இலுப்பூர்க்காரர்கள் சொல்லிச் சொல்லி அழுதார்கள்: "ஒரு நாளு ஹாரன் அடிச்சிருப்பாரா அந்த மனுசன்? மடியில தூங்குற புள்ளை முழிக்காம ஊரு கொண்டாந்து சேப்பாரே!"

நிலம் நீச்சு எதுவும் விட்டுப்போகாத மனிதர். மகனுக்கு மிஞ்சியது அந்தப் பேச்சு ஒன்றுதான். காரியம் முடிந்த கையோடு அதே ரோட்டில் வேலைக்குச் சேர்ந்தான். கம்பெனி கைமாறியிருந்தது. புது முதலாளி, புது பஸ். ஹாரனில் கை வைப்பதில்லை என்று முதல் நாளே முடிவு கட்டிக்கொண்டான்.

எருமை எழுந்தபோது முகூர்த்தம் முடிந்திருந்தது.

மறுநாளிலிருந்து செபமாலை படியில் தொங்கிக்கொண்டு, "ஓரம் போ! ஓரம் போ!" என்று கத்திக்கொண்டே வந்தான். மூன்றாம் நாள் தொண்டை கட்டிவிட்டது. ஊர்ப்பெயர் சொல்லி இறக்கிவிட வாயில் குரல் இல்லை. இலுப்பூருக்குப் பெண் பார்க்கப் போனவர்கள் அதற்கு முந்தின ஊரிலேயே இறங்கி, யார் வீட்டிலோ பலகாரம் சாப்பிட்டு, அங்கிருந்த பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டார்கள். இரண்டு ஊரும் சேர்ந்து பஸ்ஸை மறித்தன.

"கத்த வேண்டாம். விசிலை ஊது" என்றான் ரெங்கராஜ்.

ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. செபமாலை விசிலை ஊதினான். ஒரு விசில் என்றால் நிறுத்து என்று அர்த்தம். பழகிய கால் பிரேக்கை மிதித்துவிட்டது. ஆடுகள் தப்பித்தன. உள்ளே நாற்பது பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். முட்டைக்கூடை வைத்திருந்த அம்மாள் மட்டும் விழவில்லை. அவள்மேல்தான் எல்லோரும் விழுந்தார்கள்.

அன்று ரெங்கராஜ் சாப்பாட்டைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தான். மனைவி ராசாத்தி கேட்டாள்:

"ஒங்கப்பா அடிக்கலைன்னா நீங்களும் அடிக்கக் கூடாதா? அவரு பொடிகூடத்தான் போட்டாரு. நீங்க போடுறீங்களா?"

"அப்பா மாதிரி எனக்கு வண்டி கைக்கு வரலை. அவரு எப்படித்தான் ஓட்டுனாரோ!" என்றான். கண் கலங்கிவிட்டது.

அவளுக்குப் பொறுக்கவில்லை. "அழுகாதீங்க. எங்க வீட்டு மாட்டுச் சலங்கை சும்மாதான் கெடக்கு. அதைக் கட்டிப் பாருங்க."

கட்டினார்கள். பஸ் ஜல் ஜல்லென்று போனது. இரண்டு நாள் பிள்ளைகள் கைதட்டின. மூன்றாம் நாள் சித்தன்னவாசல் விலக்கில் வைக்கோல் பாரவண்டி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. பின்னால் சலங்கைச் சத்தம் கேட்ட வண்டிக்காரர், நம்மைப்போல் இன்னொரு மாட்டு வண்டி என்று எண்ணி, விலகாமல் கண்ணை மூடிக்கொண்டார். ரெங்கராஜ் பிரேக் போட்டான். போதவில்லை. வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. வைக்கோல் முழுக்க பஸ்மேல்.

வண்டிக்காரருக்குக் கை முறிந்துபோயிற்று. அவரை ரெங்கராஜே தோளில் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். வழியெல்லாம் அவர் முனகிக்கொண்டே வந்தார்: "ஒரு ஹாரன் அடிச்சிருக்கலாமேய்யா…"



புது முதலாளி சத்தம் போடுகிற ஆள் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பஸ் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்:

"ஒரு தடவை அடி. நான் கேக்கணும். அடிச்சிட்டு நாளைக்கு டூட்டிக்கு வா."

ரெங்கராஜ் கையை ஹாரன்மேல் வைத்தான். மழையில் நனைந்துகொண்டு அழுத இலுப்பூர்க்காரர்கள் கண்முன் வந்தார்கள். அமுக்கக் கை வரவில்லை.

"என்னால ஆகாதுங்க முதலாளி."

காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்து சீட்டில் வைத்தான். பனியனோடு இறங்கி நடந்தான்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் முனியசாமி சைக்கிள் கடை வைத்திருந்தார். பழைய கம்பெனியில் பஸ் ரிப்பேர் பார்க்கும் பிட்டராக இருந்தவர், வெள்ளைச்சாமியின் கூட்டாளி. பனியனோடு வந்தவனைப் பார்த்ததும் பதறிப்போய் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"என்ன தம்பி, இங்கிட்டு? சட்டை எங்க?"

ரெங்கராஜ் எருமையில் ஆரம்பித்து வைக்கோல் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லி முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"வேலை போனாப் போகுது சித்தப்பா. பதினேழு வருசம் ஹாரன் அடிக்காத மனுசன் பேரைக் காப்பாத்திட்டேன். அது போதும் எனக்கு."

முனியசாமி கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"அந்த வண்டியில ஹாரனே கெடையாதே தம்பி… ஒண்ணு வாங்கி மாட்டுங்கன்னு பழைய மொதலாளி கால்ல பதினேழு வருசமும் விழுந்து பாத்தாரு ஒங்கப்பாரு!"