ஆறு கம்ப்யூட்டருக்கு வைத்த சந்தனம்

கணினி அறிவியல் படித்தவள் செய்யக்கூடிய காரியமே இல்லை இது. நான் செய்தேன். அதுவும் ஒரு தடவை அல்ல, ஆறு தடவை.

கல்வராயன் மலைப் பள்ளியில் எனக்கு முதல் வேலை. கம்ப்யூட்டர் வாங்க அங்கே காசில்லை. உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரி ஆபீஸ் கழித்துக்கட்டிய ஆறு கம்ப்யூட்டர்களைக் கெஞ்சி வாங்கி வந்தேன். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் அவர்கள் கழற்றிக்கொண்டார்கள். அதனாலென்ன? இலவச லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி முன்பக்கம் செருகினேன். கிழடுகள் ஆறும் எழுந்து ஓடின! சந்தோஷத்தில் தனியாக ஒரு ஆட்டம் போட்டேன். (ஜன்னல் திறந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.)

அவற்றை வைக்க இருந்த ஒரே அறையில் சத்துணவு அரிசி மூட்டைகள் இருந்தன. தலைமையாசிரியர் மூட்டைகளை வராந்தாவுக்கு மாற்றினார்.

"நாளைக்கு அதிகாரி வர்றாரு. அவரு முன்னாடி ஓடணும் டீச்சர். ஓடலன்னா மூட்டைங்க திரும்ப உள்ள வந்துடும்" என்றார்.

வராந்தாவில் ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்த சத்துணவு அமைப்பாளர் செல்வி அக்கா, "பாக்கலாம், பாக்கலாம்" என்றார்.

புதுப் பொருள் வந்தால் பொட்டு வைக்காமல் இருப்போமா? பென்டிரைவ்களைக் கழற்றிப் பத்திரமாகக் கைப்பையில் போட்டேன். சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நெற்றி எது என்று தேடினேன். முன்பக்கம் நட்ட நடுவில் அழகாக இரண்டு பள்ளம். நன்றாகப் பிடிக்குமே என்று அங்கேயே அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன். பார்க்க அத்தனை லட்சணம்!

மறுநாள் அதிகாரி, ஆசிரியர்கள், பிள்ளைகள் எல்லோரும் கூடியாயிற்று. பென்டிரைவைச் செருகினேன். போகவில்லை. திருப்பிச் செருகினேன். ம்ஹூம். அடுத்த கம்ப்யூட்டர், அதற்கடுத்தது, எதிலுமே போகவில்லை. சந்தனம் உள்ளே சிமெண்டாக இறுகியிருந்தது.

"இன்னா டீச்சர் ஆச்சு?" என்றார் தலைமையாசிரியர்.

"சந்தனம் சார்."

"சந்தனமா?"

கொண்டை ஊசியால் நோண்டினேன். ஊசி உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். தலைமையாசிரியர் மூட்டைகளைப் பார்த்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது செல்வி அக்கா விறுவிறுவென்று உள்ளே வந்து மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், இதே மாதிரி ஓட்ட பின்னாடியும் கீதே! இதுல சொருவுனா ஆவாதா?"

ஆனது. ஆறும் ஓடின! பிள்ளைகள் போட்ட கூச்சலில் வராந்தா ஆடுகள்கூட மிரண்டு ஓடின. நான் அக்காவைக் கட்டிக்கொண்டேன்.

"உங்க ரூம் போச்சே அக்கா!"

"போனா போவுது. எம் பொண்ணுந்தான் இங்க படிச்சிக்கினு கீது" என்றார். அன்றைக்கு அவரைவிடப் பெரிய கம்ப்யூட்டர் நிபுணர் மலையிலேயே கிடையாது.

இந்தக் கதை எனக்கு முன்பாகவே சின்னசேலத்தில் என் புகுந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆயுத பூஜை வந்தால் போதும், என் கணவர் வீடே கேட்கும்படி ஆரம்பித்துவிடுவார்: "அவகிட்ட ஓட்ட இல்லாத சாமானா பாத்துக் குடுங்க!"

போன வருடம் பொட்டு வைக்க எனக்குக் கிடைத்தது அம்மிக் குழவி ஒன்றுதான்.