விலத்திக் கிராணியும் நாற்பத்திரண்டாம் நம்பரும்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் புலியை நம்பினாலும் நம்புவார்கள், கணக்குப் பார்க்கும் விலத்திக் கிராணியை நம்பமாட்டார்கள். மலாயாவின் கோல சிலாங்கூர்க் காட்டோரம் புலி எப்போதாவதுதான் வரும். இவரோ தினமும் பெரட்டுக்கு, கையில் செக்ரோல் பதிவேடும் வாயில் முணுமுணுப்புமாக வந்துவிடுவார்.

நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது. பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுப்பது. பால்வெட்டுக்குப் போகுமுன் நம்பர் வரிசையில் நிற்கவேண்டும். பழைய கிராணி காலத்தில், எங்களை மேய்க்கும் மண்டோர் ஒரு கத்துக் கத்துவார். எல்லோரும் முட்டி மோதி, வாளி உருண்டு, ஒருவழியாக வரிசை வரும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இந்தப் புதியவர் முதல் நாளே மண்டோரின் வாயை அடைத்துவிட்டார்.

"நிண்டபடி நில்லுங்கோ! ஆரும் அசையக்கூடாது!"

பிறகு எங்களை ஒரு பார்வை பார்ப்பார். விரலை மடக்குவார், நீட்டுவார். கடைசியில் இரண்டு மூன்று பேரை மட்டும் "விலத்தும்!" என்று இழுத்து வேறு இடத்தில் செருகுவார். வரிசை சரியாகிவிடும்! ஒருநாள் முன்னால் ஏழு பேர் நின்றது 12, 15, 11, 18, 14, 20, 23 என்று. பதினொன்றை முதலில் நிறுத்தினார். பதினான்கைப் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் செருகினார். மற்ற ஐந்து பேரும் கட்டைவிரலைக்கூட அசைக்கவில்லை.

மண்டோர் காறித் துப்பினார். "மந்திரம்டா. வெரல மடக்குறான் பாத்தியா?"

எனக்குச் சந்தேகம் வேறு மாதிரி. இழுபடுகிறவர்களில் தவறாமல் ஒருவன் நான்! என் நம்பர் நாற்பத்திரண்டு, அதுதான் கடைசி. என் மனைவி செல்லம்மா நாற்பத்தொன்று. ஒரே கப்பலில் வந்து அடுத்தடுத்துப் பதிந்தவர்கள். ஆம்பிளை முன்னால்தானே நிற்பான்? அதனால் பெரட்டிலும் நான் முன்னால், அவள் பின்னால். அவளை ஒருநாளாவது இழுத்தாரா? இல்லை. நான் என்ன பாவம் செய்தேன் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். போகப்போக மற்றவர்கள் தங்கள் இடத்தில் நிற்கப் பழகிவிட்டார்கள், இழுபட்டது நான் மட்டும்தான்.

ஒருநாள் மத்தியானம் மண்டோர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "டேய், ஆபீஸ்ல என் காதால கேட்டேன். நாளைக்கு நாப்பத்திரண்ட மட்டும் விலக்குனாப் போதுமாம். உன் சீட்டுக் கிழிஞ்சிருச்சு லா!"

வேலை போனால் லயத்து வீடும் போகும். செல்லம்மாவுக்கு ஏழாம் மாசம். கோபமும் பயமுமாக ஆபீசுக்கு ஓடினேன்.

"என்னை எதுக்குங்கய்யா விலக்குறீங்க? மாசமா இருக்கிறவள இழுத்துக்கிட்டு நான் எங்க போவேன்?"

அவர் திடுக்கிட்டார். "விலக்கிறதோ? ஆர் சொன்னது? விலத்திறது எண்டெல்லோ சொன்னனான்! கொஞ்சம் தள்ளி நிக்கிறது!"

அவர் ஊரில் விலத்துவது, எங்கள் காதில் விலக்குவதாக விழுந்திருக்கிறது. உயிர் திரும்பி வந்தது. ஆனால் சந்தேகம் போகவில்லை.

"சரிங்கய்யா. நானும் அவளும் எடம் மாறித்தான் நிக்கிறோம். என்னை விட்டுட்டு அவளை முன்னால இழுத்தாலும் வரிசை சரியாத்தானே வரும்? தெனமும் ஏன் நானே?"

கிராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆரை விலத்தினாலும் கணக்கு ஒண்டுதான். அந்தப் பிள்ளையின்ர கால் வீங்கிப்போய்க் கிடக்கு. புருசன், நீர் இன்னும் பாக்கேல்லையோ?"

நான் பார்த்திருக்கவில்லை. அன்று சாயங்காலம் பார்த்தேன். வெட்கத்தோடு வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தேன்.

மறுநாள் செல்லம்மாவை முன்னால் விட்டு, ஒழுங்காகப் பின்னால் நின்றேன். பார்த்தால் அன்றைக்கு வரிசையே சரியாக இருந்தது. கிராணி ஒருமுறை பார்த்தார், இன்னொருமுறை பார்த்தார். மடக்க விரல் இருந்தது, இழுக்க ஆள் இல்லை.

"இண்டைக்கு ஆரையும் விலத்தத் தேவையில்லை" என்றார். முகம் தொங்கிப்போயிற்று. பெயர் கூப்பிட்ட குரலில் சுரத்தே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

அடுத்த நாள் செல்லம்மாவை அவள் இடத்திலேயே விட்டுவிட்டு, நான் மட்டும் போய் வரிசையின் முதல் ஆளாக நின்றேன். தூரத்திலேயே பார்த்துவிட்டார். முணுமுணுப்பு தொடங்கியது, விரல் மடங்கியது.

"நாப்பத்திரண்டு! விலத்தும்!"

அவ்வளவு ஆசையாக என்னை அதற்குப் பிறகு யாரும் கூப்பிட்டதில்லை.