மான்கள் தின்ற போர்வை

"மார்லிஸ், அங்கே என்ன சத்தம்?" என்று போனில் கேட்டார் அவள் கணவர் வெர்லின்.

"மான்."

"மான் எங்கே?"

"செப்டிக் டேங்க் மேல. நான் போட்டதையெல்லாம் தின்னுக்கிட்டிருக்கு."

"வைக்கோலை மான் தொடாதே. கடையில வாங்கறப்போ பச்சையா, வாசனையா இருந்துதா?"

"ரொம்ப நல்ல வாசனை. அதான் வாங்கினேன்."

"அது வைக்கோல் இல்ல, அம்மணி. மாட்டுக்குப் போடற காய்ஞ்ச புல்லு. டேங்குக்குப் போர்வை போத்தச் சொன்னா, மானுக்கு விருந்து வெச்சிருக்கே."

அவர் சிரிப்பது கேட்டது. மார்லிஸ் சிரிக்கவில்லை.

ஏரிக்கரை வீட்டைக் குளிர்காலத்துக்கு மூடும் நாளில் டேங்க் வெர்லினின் வேலை. பனி விழுமுன் அதன்மேல் கனமாக வைக்கோல் பரப்பாவிட்டால், ஆளில்லாத வீட்டில் எல்லாம் உறைந்து போகும். அவர் தலையெல்லாம் வைக்கோலாக, போரில் வென்றவர்போல் உள்ளே வருவார். அவள் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருப்பாள். இந்த ஆண்டு அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. டலூத் நகரத்து வீட்டில் நாற்காலியில் இருந்தபடி காலையில் சொன்னார்: "விறகுக் குவியல் பக்கத்துல வெள்ளைக் குழாய் நிக்கும். அதுதான் இடம். இந்த வருஷம் உறைஞ்சுதுன்னா வித்துடலாம். அந்த மினியாபொலிஸ் ஊர்க்காரன் விலைக்குக் கேட்டுக்கிட்டேதான் இருக்கான்."

அந்த வீட்டின்மேல் தனக்கு எவ்வளவு ஆசை என்று அவள் அவரிடம் சொன்னதே இல்லை. சொல்லிவிட்டால் அந்த ஆசையையும் அவரே பார்த்துக்கொள்ளத் தொடங்கிவிடுவாரோ என்று பயம்.

தார்ப்பாயை இழுத்துப் புல்லின்மேல் மூடினாள். மான்கள் தலையை உள்ளே நுழைத்து, கூடாரத்தில் விருந்து சாப்பிடுவதுபோல் தொடர்ந்தன. தார்ப்பாய்க்குக் கனம் வேண்டும் என்று படகைத் தரதரவென்று இழுத்து வந்து அதன்மேல் கவிழ்த்தாள். மான்கள் ஓடியே போயின.

மார்லிஸ் யாரும் பார்க்காததால் கொஞ்சம் ஆடினாள்.

"என்ன ஆச்சு?" என்றார் வெர்லின்.

"எல்லாம் சரியாயிடுச்சு" என்று போனை அணைத்தாள். அப்போதுதான் படகுக்கு அடியில் வெள்ளைக் குழாய் முறிந்து கிடப்பதைப் பார்த்தாள்.

மண்டியிட்டு, உடைந்த வாய்க்குள் காதை வைத்தாள். உள்ளே கடகடவென்று தண்ணீர் ஓடியது. லாவெண்டர் சோப்பு வாசனை வேறு.

தண்ணீரைக் காலையிலேயே நிறுத்திவிட்டாளே! அவள் வீட்டில் லாவெண்டர் சோப்பும் கிடையாது.

மெதுவாக நிமிர்ந்தாள். வேலியே இல்லாத கரையில், பக்கத்து வீட்டுக் குளியலறை ஜன்னலில் ஆவி படர்ந்திருந்தது. அந்த வீட்டுக்குப் பக்கத்திலும் ஒரு விறகுக் குவியல். எந்தக் குவியல் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சிரிப்பார் என்றுதான் கேட்கவில்லை. வெறும் சிரிப்புக்குப் பயந்து ஒரு ஏரியையே இழக்கப் போகிறோமே என்று நினைத்தபோது, அவளுக்கே சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது.

பக்கத்து வீட்டு ஆர்டிஸ் தலையில் ஈரத் துண்டோடு வெளியே வந்தாள். புல், தார்ப்பாய், படகு, குழாய் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. படகெல்லாம் வெச்சு..." என்றாள்.

அந்தக் கரையில் அப்படித்தான். உங்கள் வீடு தீப்பிடித்து எரிந்தாலும், பக்கத்து வீட்டார் வெளிச்சம் நன்றாக வருகிறது என்றுதான் சொல்வார்கள்.

"இல்ல ஆர்டிஸ், நல்லா இல்ல. உங்க டேங்கைப் போய் மூடியிருக்கேன். குழாயை வேற உடைச்சுட்டேன். எங்களுது எங்கே இருக்குன்னே தெரியல. வெர்லினுக்குத் தெரிஞ்சா இந்த வீட்டை வித்துடுவாரு."

"குழாய் கிடக்குது, விடுங்க. மாட்டிக்கலாம்."

"டேங்க் உறைஞ்சு போச்சுன்னா?"

ஆர்டிஸ் துண்டைச் சரிசெய்தாள். ஏரியைப் பார்த்தாள். மார்லிஸ் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"அது அணைஞ்சிருக்குதானே?"

"ஆமா."

"வெர்லின் இருபது வருஷமா எங்க டேங்குக்குத்தான் போத்திட்டுப் போறாரு; மனுஷன் மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றதுன்னு, உங்க கார் திரும்பினதும் நாங்க வந்து உங்களுதுக்குப் போட்டுடறோம்."